பேட்டிசன் பேராயர் ஏன் கொல்லப்பட்டார்? (மெலனீசிய மிஷன் பற்றிய விவாத இழை)

கடல்வழி:

வணக்கம். கொஞ்ச காலமாகப் பசிபிக் தீவுகளின் வரலாற்றைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் ஒரே கதை வந்து நிற்கிறது.

1871 செப்டம்பர் 20. சான்டா குரூஸ் தீவுக்கூட்டத்துப் பக்கம் நுக்காப்பு என்ற சின்னத் தீவு. மெலனீசியாவின் (தென்மேற்குப் பசிபிக் தீவுகளின்) முதல் ஆங்கிலிக்கன் பேராயர் ஜான் கோல்ரிட்ஜ் பேட்டிசன் தன் ஆட்களை விட்டுவிட்டுத் தனியாகக் கரைக்குப் போகிறார். அங்கே கொல்லப்படுகிறார். உடலைப் பாயில் சுற்றி, ஒரு ஓடத்தில் கிடத்தி, கடலில் விட்டுவிடுகிறார்கள். மேலே ஒரு தென்னங்கீற்று, அதில் ஐந்து முடிச்சு. உடம்பிலும் ஐந்து காயம். தோட்டக் கூலிக்கு ஆள்பிடிக்கும் கப்பல்காரர்கள் அந்தத் தீவிலிருந்து ஐந்து பேரைக் கடத்திப் போயிருந்தார்கள், அதற்குத்தான் இந்தப் பழி என்று முடிக்கிறார்கள்.

ஐந்துக்கு ஐந்து, கணக்கு அப்படியே நேராகிவிடுகிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது. நிஜத்தில் எதுவும் இவ்வளவு சுத்தமாக நடக்காதே? அதோடு அவருடைய மெலனீசிய மிஷன் தீவுப் பையன்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய்ப் படிக்கவைத்தது என்கிறார்களே, அது என்ன ஏற்பாடு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவடித்தூசி:

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது புரியாமல் நுக்காப்பு புரியாது.

1841-ல் ஜார்ஜ் அகஸ்டஸ் செல்வின் நியூசிலாந்தின் முதல் பேராயரானார். அப்போது அவருக்கு 32 வயது. அவருடைய நியமனப் பத்திரத்தில் திருமண்டலத்தின் வட எல்லை தெற்கு அட்சரேகை 34 பாகை என்று இருந்திருக்க வேண்டும். யாரோ ஒரு எழுத்தர் வடக்கு 34 என்று எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். ஒரே எழுத்துப் பிழையில் பாதிப் பசிபிக் அவர் தலையில் வந்து விழுந்தது. வேறு ஆளாக இருந்தால் கடிதம் போட்டுத் திருத்தியிருப்பார். செல்வின் பிழையையே தன் கட்டளையாக எடுத்துக்கொண்டு, 1849-ல் அன்டைன் என்ற இருபது டன் சொச்சப் பாய்மரக் கப்பலில் வடக்கே கிளம்பிவிட்டார். சாதாரண மீன்பிடி படகைவிடக் கொஞ்சம்தான் பெரியது அது.

அவர் முன்னால் இருந்த சிக்கல் இது. நூற்றுக்கணக்கான தீவுகள், தீவுக்கு ஒரு மொழி, சில தீவுகளில் ஊருக்கு ஒரு மொழி. மலேரியா வேறு. தீவுக்கு ஒரு வெள்ளைக்கார மிஷனெரியை உட்காரவைக்க ஆளும் கிடையாது, வைத்தாலும் தங்கமாட்டார். அதனால் தலைகீழாக யோசித்தார். தீவுக்கு இருவர் மூவர் என்று பையன்களைக் கூட்டிவருவது, ஆக்லாந்தில் கோடைக்காலம் முழுக்கப் படிக்கவைப்பது, குளிர் தொடங்குமுன் ஊரில் கொண்டுபோய் விடுவது, அடுத்த வருஷம் மறுபடி கூட்டிவருவது. அவர்களே பின்னால் தங்கள் ஊரில் ஆசிரியர்களாக வேண்டும் என்பது திட்டம்.

அவர் கரையேறிய விதத்தையும் சொல்ல வேண்டும். கப்பல் தள்ளி நிற்கும். படகு பவளத் திட்டுக்கு வெளியே நிற்கும். அங்கிருந்து செல்வின் தண்ணீரில் இறங்கி, நீந்தியோ நடந்தோ தனியாகப் போவார். மீன்தூண்டில் முள், சிவப்புத் துணி, சின்னக் கோடாலி இதெல்லாம் தொப்பிக்குள் இருக்கும். பரிசைக் கொடுத்துவிட்டு, எதிரில் நிற்பவர்களின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த வருஷம் வரும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பேட்டிசன் இந்தப் பழக்கத்தை அவரிடமிருந்துதான் கற்றார். நுக்காப்பில் அவர் தனியாகப் போனது அசட்டுத் துணிச்சல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது அவர்களுடைய வழக்கமான நடைமுறை.

நீலத்திமிங்கலம்:

நான் ஆக்லாந்தில் இருக்கிறேன். மிஷன் பே கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிடப் போகிற எவருக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. இந்த மிஷன்தான் காரணம். 1859 வாக்கில் பள்ளி அங்கே மாறியது. அப்போது கோஹிமராமா என்று பெயர். கடலுக்கு எதிரே ஒரு கருங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. எதிரில் தெரியும் ரங்கிடோட்டோ எரிமலைத் தீவிலிருந்து கொண்டுவந்த கல். பொத்தல் பொத்தலாக, தொட்டால் கையைச் சுரண்டும். இப்போது அது உணவகம். வெப்பத் தீவுகளிலிருந்து வந்த பையன்கள் இந்தக் கல்லுக்குள்ளே படுத்துத்தான் நடுங்கியிருப்பார்கள். நவம்பரில்கூட இங்கே சாயங்காலம் காற்று உறைக்கும். 1863-ல் வயிற்றுக்கடுப்பு பரவி மாணவர்கள் சிலர் இறந்தும் போனார்கள்.

செம்மண்:

எல்லாரும் தொப்பிக்குள் தூண்டில் முள் என்று ரசிக்கிறீர்கள். எனக்கு ஒரு எளிய கேள்வி.

கடலோரத்தில் ஒரு தாய் நிற்கிறாள். ஒரு கப்பல் வருகிறது. வெள்ளைக்காரன் இறங்கி, கோடாலியும் துணியும் கொடுத்து, பையனை ஏற்றிக்கொண்டு போகிறான். அடுத்த மாதம் இன்னொரு கப்பல். அவனும் கோடாலியும் துணியும் கொடுத்து, பையனை ஏற்றிக்கொண்டு போகிறான். முதல் கப்பல் மிஷன், இரண்டாவது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரும்புத் தோட்டத்துக்கு. அவளுக்கு என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? இங்கிலாந்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்த வித்தியாசம் அவளுக்கும் தெரிந்தே ஆகவேண்டுமா?

பாளைக்காரன்:

// அவளுக்கு என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? //

பிள்ளை திரும்பி வந்ததுதான் வித்தியாசம், நண்பரே. மிஷன் கப்பல் வருஷா வருஷம் அதே ஊருக்கு வந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டது. சும்மா சொல்லக்கூடாது, எங்கள் திருநெல்வேலி பக்கத்தில் மிஷன் போர்டிங்கில் படித்த குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தெரியாது. பையனை வெளியே விட்டால்தான் படிப்பு என்ற நிலைமை இருந்த காலம்.

பேட்டிசன் அத்தியட்சரையும் (பேராயரை அப்படியும் சொல்வோம்) கொஞ்சம் பாருங்கள். நீதிபதி மகன். ஈட்டன், ஆக்ஸ்போர்டு. ஊரிலேயே இருந்திருந்தால் நல்ல வேலையில் உட்கார்ந்து காலம் கழித்திருக்கலாம். 1855-ல் செல்வினோடு கிளம்பி வந்தார், பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை. 1861 பிப்ரவரி 24-ல் ஆக்லாந்தில் அத்தியட்சராக அபிஷேகம். இருபதுக்கும் மேற்பட்ட தீவு மொழிகள் அவருக்குப் பழக்கம். 1867-ல் பள்ளி நார்ஃபோக் தீவுக்கு மாறியபின் அங்கே சமையல், பால் கறப்பது, தோட்ட வேலை எல்லாம் முறைபோட்டு நடந்தது. கறுப்புப் பையன் சமைக்க, வெள்ளை ஐயர் உட்கார்ந்து சாப்பிட என்ற கதை அங்கே கிடையாது. 1860-களில் வேறு எந்தக் காலனியில் இதைக் காட்டுவீர்கள்?

செம்மண்:

எல்லாப் பையன்களும் திரும்பவில்லை. மேலே நீலத்திமிங்கலம் அக்கா எழுதியதைப் படியுங்கள். வயிற்றுக்கடுப்பில் செத்தவனுடைய அம்மாவுக்கு அத்தியட்சர் பால் கறந்தார் என்று சொன்னால் ஆறுதலாக இருக்குமா?

சுவடித்தூசி:

சண்டை வேண்டாம். இரண்டு பேரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது. நான் நுக்காப்புக்கு வருகிறேன். நேரில் இருந்தவர்கள் பார்த்தது எது, பின்னால் ஊகித்தது எது என்று பிரித்துக்கொண்டால்தான் பேச முடியும்.

பார்த்தது: மிஷனின் சதர்ன் கிராஸ் கப்பல் தீவை நெருங்கியது. ஓடங்கள் சில திட்டுக்கு அருகே நின்றன. வழக்கம்போல் கப்பலை நோக்கி வரவில்லை. பேட்டிசன் படகில் அவர்களிடம் போனார். தண்ணீர் வற்றியிருந்ததால் படகு திட்டைத் தாண்ட முடியவில்லை. அவர் தீவுக்காரர்களின் ஓடத்தில் மாறி ஏறிக் கரைக்குப் போனார். நுக்காப்பில் பேசுவது பொலினீசிய மொழி. நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழி தெரிந்த அவருக்கு அங்கே ஓரளவு பேச வரும். முன்பே போய்வந்த இடமும்கூட.

படகில் காத்திருந்தவர்களில் ஜோசப் அட்கின் என்ற நியூசிலாந்து இளைஞரும், சான் கிறிஸ்டோபல் தீவின் ஸ்டீபன் தரோவானியாராவும் இருந்தார்கள். அரைமணி நேரம் போலக் கழிந்து, பக்கத்து ஓடங்களில் இருந்தவர்கள் திடீரென்று அம்பு விட ஆரம்பித்தார்கள். ஸ்டீபன் உடம்பில் பல அம்புகள். அட்கினுக்குத் தோளில் ஒன்று. எப்படியோ கப்பலுக்குத் திரும்பினார்கள். அட்கின் தோளில் காயத்தோடு, தண்ணீர் ஏறியதும், பேராயரைத் தேடி மறுபடி படகில் போனார். வேறு யாருக்கும் அந்தத் திட்டின் வழி தெரியாது என்பதும் ஒரு காரணம். தீவிலிருந்து இரண்டு ஓடம் வந்தது. ஒன்று மற்றொன்றை விட்டுவிட்டுத் திரும்பியது. விடப்பட்ட ஓடத்தில் பாய்ச்சுருள். பிரித்தால் பேட்டிசன். தலையில் பலமான அடி. மறுநாள் கடலில் அடக்கம் செய்தார்கள்.

அட்கினும் ஸ்டீபனும் ஒரு வாரத்தில் ரணஜன்னியில், அதாவது டெட்டனஸில், அடுத்தடுத்த நாள் இறந்தார்கள். சாவது எப்படியென்று அந்தக் கப்பலில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஏழு வருஷம் முன்னால் இதையே பார்த்தவர்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

ஊகித்தது: ஐந்து முடிச்சு என்றால் ஐந்து ஆள் என்ற கணக்கு. கீற்று இருந்தது, முடிச்சு இருந்தது. அதற்கு அந்தப் பொருள் கொடுத்தது மிஷன் தரப்பு. அப்போது தீவில் யாரும் வந்து விளக்கம் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பழைய சம்பவம். 1864-ல் சான்டா குரூஸின் கிராசியோசா வளைகுடாவில் பேட்டிசன் கரையிறங்கித் திரும்பும்போது அம்பு மழை. எட்வின் நாப்ஸ், ஃபிஷர் யங் என்ற நார்ஃபோக் தீவு இளைஞர்கள் இருவர் காயம்பட்டு ரணஜன்னியில் போனார்கள். அவர்களுடைய அம்பை வெளியே இழுத்தது பேட்டிசன். அந்த வருஷம் குயின்ஸ்லாந்து ஆள்பிடிப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. சான்டா குரூஸ் பக்கம் அது எட்டியிருக்கவில்லை. ஆகவே கடத்தல் இல்லாத காலத்திலேயே இவர்கள்மேல் அம்பு விழுந்திருக்கிறது. 1871-க்கு மட்டும் கடத்தலை ஒரே காரணமாக வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடல்வழி:

இதுதான் நான் எதிர்பார்த்தது. நன்றி ஐயா. அப்படியானால் வேறு என்ன காரணமாக இருக்கும்?

சுவடித்தூசி:

2010-ல் நார்வே ஆய்வாளர்கள் இருவர் இதை மறுபடி கிளறினார்கள். கடத்தலுக்குப் பழி என்ற விளக்கத்துக்கு ஆதாரம் மெலிது என்பது அவர்கள் வாதம். இரண்டு விஷயத்தை முன்வைத்தார்கள். ஒன்று, பேட்டிசன் பரிசு கொடுத்த முறை. தீவில் யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு வரிசை உண்டு. வெளியாள் வந்து இஷ்டத்துக்குக் கொடுத்தால் யாரோ ஒருவருக்கு அவமானம். இன்னொன்று, பையன்களைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அவர் கேட்டது. அதற்கு ஊருக்குள், குறிப்பாகப் பெண்களிடம், எதிர்ப்பு இருந்திருக்கலாம் என்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது பலமாகப் படுகிறது. செம்மண் கேட்ட கேள்விக்கே இது வந்து சேருகிறது பாருங்கள்.

ஆனால் ஆள்பிடி கப்பல் விஷயத்தை முழுக்கத் தள்ளவும் முடியாது. மிஷன் கப்பல் போல வேடம் போட்டு, ஒருவனுக்குக் கறுப்பு அங்கி மாட்டிவிட்டுப் பேராயர் வந்திருக்கிறார் என்று ஆட்களை மேல்தளத்துக்கு வரவழைத்ததாக அந்தக் காலத்திலேயே புகார் உண்டு. அப்படி ஒரு சூழலில் உண்மையான பேராயர் வந்து நின்றால் சந்தேகம் வராதா? இரண்டு காரணமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பாளைக்காரன்:

ஐயா, ஒன்று சேர்க்க விடுங்கள். பேட்டிசன் ஆள்பிடிப்பை எதிர்த்து எழுதினார் என்று எல்லாரும் சொல்கிறோம். 1871 தொடக்கத்தில் நியூசிலாந்து சபை மாமன்றத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் முழுத் தடை கேட்கவில்லை. உரிமம், கண்காணிப்பு, விதிமுறை இதைத்தான் கேட்டார். நிதானமான மனிதர். செத்த பிறகுதான் அவரை ஒரு கொடி போலத் தூக்கினார்கள்.

செம்மண்:

கொடி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்தக் கொடியைத் தூக்கிக்கொண்டு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். அதே வருஷம் நவம்பர் கடைசியில் ரொசாரியோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் நுக்காப்புக்கு வந்தது. விசாரிக்கத்தான் வந்தேன் என்றார் கேப்டன் மார்க்கம். தீவுக்காரர்கள் அம்பு விட்டார்கள். கப்பல் பீரங்கியால் சுட்டது. அன்பின் அத்தியட்சருக்காகக் குண்டு! மிஷன் ஆட்களே இதை விரும்பவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் விருப்பத்தைக் கேட்டா பீரங்கி வெடித்தது? மிஷன் போன பாதையில் கடற்படை பின்னாலேயே வந்தது.

சுவடித்தூசி:

இங்கே செம்மண்ணோடு ஒத்துப்போகிறேன். ஒரு கூடுதல் தகவல்: 1875-ல் கொமடோர் குட்இனஃப் சமாதானம் பேசப்போய் அதே சான்டா குரூஸில் அம்பு பட்டு, அதே ரணஜன்னியில் இறந்தார். யாரையும் கொல்லக்கூடாது என்று சாகும்முன் சொல்லிவிட்டுப் போனார். மார்க்கமும் அதே கடற்படைதான், இவரும் அதே கடற்படைதான்.

சட்டப் பக்கமும் சுருக்கமாக. 1872 பிப்ரவரியில் நாடாளுமன்றம் திறந்தபோது படிக்கப்பட்ட விக்டோரியா அரசியின் உரையிலேயே இந்தக் கொலை இடம்பெற்றது. அந்த வருஷமே பசிபிக் தீவினர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆள்பிடிப்பு நிற்கவில்லை, உரிமத்தோடு நடந்தது. 1863 முதல் 1904 வரை குயின்ஸ்லாந்துக்கு மட்டும் சுமார் 62,000 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அதில் பெரும்பகுதி இந்தச் சட்டத்துக்கு அப்புறம்தான்.

தீவுக்குருவி:

இந்த இடத்தில் நம் ஆட்கள் கதைக்குள் வருகிறார்கள், கவனித்தீர்களா? ஃபிஜியின் தோட்டங்களிலும் முதலில் இதே மெலனீசியத் தீவுக்காரர்கள்தான். கண்காணிப்பு இறுகி, தீவு ஆட்கள் கிடைப்பது குறைந்து, செலவு ஏறியது. உள்ளூர் ஃபிஜியரைத் தோட்டத்தில் இழுத்துவிட ஆளுநர் ஆர்தர் கார்டனுக்கு விருப்பமில்லை. இந்தியா பக்கம் திரும்பினார். 1879 மே மாதம் லியோனிடாஸ் கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு லெவுகா வந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஏற்றினார்கள். மொத்தம் 60,000-க்கு மேல். அதில் கால்வாசி தென்னிந்தியர். என் அம்மா வழித் தாத்தாவின் அப்பா அப்படிப் போனவர். ஆள்கட்டி (ஆள் சேர்க்கும் தரகன்) என்ன சொல்லி ஏற்றினான் என்று வீட்டில் இன்றுவரை ஆளுக்கொரு கதை.

பேட்டிசன் செத்ததால்தான் தமிழன் ஃபிஜி போனான் என்று நான் சொல்லவரவில்லை. அப்படி யாராவது எழுதினால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு பக்கம் வாசல் ஒடுங்கும்போது ஆள் தேடுகிறவன் அடுத்த வாசலுக்குப் போவான், அவ்வளவுதான்.

கடல்வழி:

இந்தக் கோணத்தை நான் யோசிக்கவே இல்லை. நன்றி தீவுக்குருவி.

செல்வின் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். மாவோரிகள் அவரைத் துரோகி என்றார்கள் என்று எங்கோ படித்தேன்.

நீலத்திமிங்கலம்:

இது இங்கே இன்னும் ஆறாத புண். 1860-ல் தாரானாக்கியில் வைட்டாரா என்ற மாவோரி நிலத்தை அரசாங்கம் வாங்கியது தவறு என்று செல்வின் வெளிப்படையாக எதிர்த்தார். வெள்ளைக்காரக் குடியேறிகள் அவரை வசைபாடினார்கள். அதுவரை சரி. 1863-ல் மாவோரிகளின் வைக்காட்டோ பகுதிக்குள் பிரிட்டிஷ் படை புகுந்தபோது அவர் படையோடு போனார். சிப்பாய்களுக்கு ஜெபம் செய்ய, காயம்பட்ட இரு தரப்பையும் பார்க்க என்பது அவர் நினைப்பு. குதிரைமேல் படையோடு வருகிற பேராயரைப் பார்த்த மாவோரிகளுக்கு அது அப்படியா தெரிந்திருக்கும்?

1864 பிப்ரவரி 21, ரங்கியாவோஹியா. கோதுமை வயலும் பழத்தோட்டமும் உள்ள ஊர். ஆங்கிலிக்கன் கோயில் ஒன்று, கத்தோலிக்கக் கோயில் ஒன்று. சண்டைக்குப் போகாதவர்கள், பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் அங்கே இருந்தார்கள். அது அடைக்கல இடம், தாக்கமாட்டார்கள் என்று செல்வின் வழியாகச் செய்தி போயிருந்தது என்பது மாவோரித் தரப்பின் நினைவு. விடியற்காலையில் படை புகுந்தது. ஒரு வீட்டுக்குள் இருந்தவர்கள் தீயில் மாண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அது. அந்த ஆங்கிலிக்கன் கோயில் இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. நான் போனபோது சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள்தான். ஊர் இருந்த தடம் கண்ணில் படவில்லை.

மறுவருஷம் ஓபோடிகி என்ற ஊரில் வோல்க்னர் என்ற மிஷனெரி கொல்லப்பட்டதற்கு இந்த ரங்கியாவோஹியாக் கோபமும் ஒரு காரணம். அவர் ஆளுநருக்கு ரகசியத் தகவல் அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு வேறு. ஆனால் அது தனிக் கதை, இங்கே இழுத்தால் இழை திசைமாறிவிடும்.

பாளைக்காரன்:

செல்வின் அத்தியட்சர் நிலப் பறிப்பை எதிர்த்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள். படையோடு போனது தப்பான முடிவுதான், அதற்காக மொத்த வாழ்க்கையையும் தள்ளிவிட முடியுமா? என்ன இருந்தாலும் 1868-ல் அவர் லிச்ஃபீல்டு பேராயராக இங்கிலாந்து திரும்பும்போது அழுத மாவோரிகளும் உண்டு.

செம்மண்:

அழுதவர்களும் உண்டு, வீடு எரிந்தவர்களும் உண்டு. வரலாற்றில் முதல் கூட்டத்தைப் பற்றித்தான் பாளைக்காரன் எப்போதும் எழுதுவார் :)

சுவடித்தூசி:

நார்ஃபோக் தீவைப் பற்றி யாரும் பேசவில்லையே? மிஷனுக்கு 1867 முதல் 1920 வரை அதுதான் தலைமையிடம். நல்லவர்கள் போய் இறங்கிய இடத்திலும் மனக்கசப்பு இருந்தது. முன்பு அது கொடுமையான கைதிகள் தீவு. அதைக் காலிசெய்து, 1856-ல் பிட்கேர்ன் தீவுக்காரர்களை, அதாவது பவுன்டி கப்பல் கலகக்காரர்களின் வாரிசுகளை, குடியேற்றினார்கள். முழுத் தீவும் தங்களுக்கே என்று அவர்கள் நம்பி வந்தார்கள். பத்து வருஷத்தில் மிஷனுக்கு ஆயிரம் ஏக்கர் போலப் போனது. அவர்கள் எதிர்த்தார்கள், எடுபடவில்லை. கிராசியோசாவில் செத்த நாப்ஸும் யங்கும் இந்த மக்களின் பிள்ளைகள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அங்கே பேட்டிசன் நினைவாகக் கட்டிய புனித பர்னபா ஆலயம் 1880-ல் பிரதிஷ்டையானது. ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் வரைந்து வில்லியம் மோரிஸ் பட்டறையில் செய்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் ஒரு பக்கம். இருக்கைகளின் முனையில் மெலனீசிய மாணவர்கள் பதித்த முத்துச்சிப்பி வேலைப்பாடு மறுபக்கம். மரத்தைக் கீறி, சிப்பியைத் துண்டு துண்டாக அறுத்துப் பதிக்கும் அந்த வேலை, சாலமன் தீவுகளில் ஓடத்துக்கும் உணவுக் கிண்ணத்துக்கும் காலங்காலமாகச் செய்துவந்தது. மோரிஸ் பெயரைச் சொல்லி எல்லாரும் படம் எடுப்பார்கள். எனக்கு அந்தச் சிப்பி வேலைதான் பெரிது. செய்தவர்களுக்கும் பெயர் இருந்திருக்கும், கல்வெட்டில் போடவில்லை.

பள்ளியில் பொதுமொழி ஆங்கிலம் இல்லை, மோட்டா. வடக்கு வனுவாட்டுவில் ஒரு சின்னத் தீவின் மொழி. ஐம்பது வருஷத்துக்கும் மேல் பாடம், ஜெபம், கடிதம் எல்லாம் அதில்தான். பள்ளியை இருபது வருஷம் நடத்திய காட்ரிங்டன் அதற்கு அகராதியே செய்தார். மாணவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதி அவர் 1891-ல் வெளியிட்ட மெலனீசியர் பற்றிய நூலை மானிடவியல்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். பேராயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். எனக்குப் பிடித்த மனிதர்.

கடல்வழி:

உள்ளூர்க்காரர் யாரும் தலையெடுக்கவில்லையா? எல்லாம் செல்வின், பேட்டிசன் என்றே போகிறதே.

பாளைக்காரன்:

ஜார்ஜ் சராவியா! வனுவா லாவா தீவுக்காரர். இளைஞனாக ஓடத்தில் துடுப்புப் போட்டு மிஷன் கப்பலைப் பார்க்கப் போனவர். 1868-ல் டீக்கன், 1873-ல் குருப்பட்டம். முதல் மெலனீசியக் குருவானவர். மோட்டாவில் குடியிருப்பு அமைத்து, 1901-ல் இறக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார். தன் அனுபவத்தை மோட்டா மொழியிலேயே எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தக் கப்பலை ஓடத்திலிருந்து அண்ணாந்து பார்த்த ஒருவர் தன் கையால் எழுதியது. பேட்டிசன் கடிதங்களுக்கு முன்னால் இதைத்தான் நாம் படிக்க வேண்டும்.

அப்புறம் குவாடல்கனாலின் இனி கோபுரியா. நார்ஃபோக்கில் படித்துவிட்டுக் காலனிப் போலீஸில் சேர்ந்தவர். காலில் அடிபட்டுப் படுத்திருந்தபோது மனம் மாறியது. 1925-ல் தன் நிலத்தைக் கொடுத்து மெலனீசிய சகோதரர் சபையைத் தொடங்கினார். சம்பளம் கிடையாது, கல்யாணம் கிடையாது, ஆனால் வாழ்நாள் துறவும் கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு வாக்குக் கொடுத்து ஊழியம் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம். ஐரோப்பிய மடத்தைக் காப்பியடித்திருந்தால் அது ஓடியிருக்காது. அந்த ஊர்ப் பையனின் வாழ்க்கைக்கு ஏற்றமாதிரி வெட்டித் தைத்தார். இன்றும் நூற்றுக்கணக்கான சகோதரர்கள் அதில் இருக்கிறார்கள். 2003-ல் சாலமன் தீவுகளின் உள்நாட்டுக் கலவரத்தில் ஆயுதமில்லாமல் போன ஏழு சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள். ஏழு பேரும் மெலனீசியர்கள்.

செம்மண்:

கோபுரியாவை நானும் மதிக்கிறேன். ஆனால் ஒரு கணக்கு. சராவியா டீக்கன் ஆனது 1868. முதல் மெலனீசியர் பேராயராக அபிஷேகம் பெற்றது 1963. டட்லி டூட்டி, லெனார்ட் அலுஃபுராய். நடுவில் 95 வருஷம். உள்ளூர்க்காரர்களே நடத்த வேண்டும் என்றுதானே செல்வின் 1849-ல் கிளம்பினார்?

இன்னொன்று. 1930-களில் இசபெல் தீவில் ரிச்சர்ட் ஃபாலோஸ் என்று ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். உங்களுக்கென்று ஒரு பாராளுமன்றம் கேளுங்கள், கூலி உயர்வு கேளுங்கள் என்று தீவு மக்களைக் கூட்டம் கூட்டினார். 1939-ல் அரசாங்கம் அவரை நாடுகடத்தியது. மிஷன் தலைமை அவர் பக்கம் நிற்கவில்லை. மிஷன் வரலாறு என்றால் இவரும்தான் வரவேண்டும். ஆலய ஜன்னலில் இவருக்கு இடம் கிடைக்காது.

பாளைக்காரன்:

95 வருஷத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஃபாலோஸ் விஷயத்தில் தலைமையைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அவரும் அதே சபையின் ஐயர்தானே, அந்தக் கணக்கையும் போடுங்கள்.

தீவுக்குருவி:

இடையில் ஒன்று. குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த மலைட்டா தீவுக்காரர்கள் பலர் அங்கேதான் கிறிஸ்தவர்களானார்கள். 1900-களின் தொடக்கத்தில் வெள்ளை ஆஸ்திரேலியா சட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியபோது, ஊரில் போய்த் தாங்களே கோயில் கட்டினார்கள். பேராயர்கள் எதிர்த்துப் போராடிய அதே ஆள்பிடி கப்பல், பேராயர்கள் போக முடியாத ஊர்களுக்கும் வேதத்தைக் கொண்டுபோயிருக்கிறது. இதை எந்த மிஷன் அறிக்கையிலும் சந்தோஷமாக எழுதியிருக்கமாட்டார்கள்.

சுவடித்தூசி:

நல்ல சேர்க்கை.

கடைசியாக, நுக்காப்பில் 1884-ல் ஒரு சிலுவை நட்டார்கள். நட்டது செல்வினின் மகன் ஜான் செல்வின். பேட்டிசனுக்கு அடுத்து மெலனீசியாவின் பேராயரானவர். யாருக்காக அவர் மனமுவந்து உயிரைக் கொடுத்திருப்பாரோ அவர்களாலேயே இங்கே அவர் உயிர் எடுக்கப்பட்டது என்ற பொருளில் வாசகம். ஆள்பிடி கப்பலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. லண்டனில் சட்டத்துக்காகச் சொன்ன காரணத்தை, தீவில் நட்ட சிலுவையில் எழுதவில்லை. அந்தக் குடும்பங்களே அங்கே வாழும்போது குற்றச்சாட்டும் வேண்டாம், மன்னிப்புச் சான்றிதழும் வேண்டாம் என்று விட்டிருக்கலாம்.

செம்மண்:

அல்லது அவர்களுக்கும் நிச்சயம் இல்லாமல் இருந்திருக்கலாம். நுக்காப்பு மக்கள் தங்களுக்குள் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் என்று யாராவது முறையாகப் பதிவு செய்ததைப் பார்த்தால் இங்கே போடுங்கள். அதுவரை ஐந்து முடிச்சை நான் ஒரு பக்கம் வைத்துவிடுகிறேன்.

கடல்வழி:

நானும் தேடுகிறேன். வோல்க்னர் கதைக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன், நீலத்திமிங்கலம் அக்கா அங்கே வந்து ஓபோடிகியைப் பற்றி எழுதுங்கள். மொகோமொகோ என்பவரைத் தூக்கில் போட்டதும், 1992-ல் மன்னிப்பு வழங்கியதும் அந்தக் கதைதானே?

நீலத்திமிங்கலம்:

அதேதான். ராத்திரி சமையல் முடித்துவிட்டு வருகிறேன்.